ஜன்னல் வைத்த தேயிலைப் பை: வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தபோது

பையின் முன்பக்கம் மேல்பாதி முழுக்கத் தெளிவான பிளாஸ்டிக். உள்ளே நீளநீளமான கறுப்பு இலை, நடுநடுவே பொன்னிற மொட்டு. அதைப் பார்த்து மயங்கித்தான் எல்லோரும் வாங்குவோம், நானும் அப்படித்தான் வாங்கினேன். 'டிஜிஎஃப்ஓபி' என்ற தேயிலைத் தரக் குறியீட்டைப் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். இந்த எழுத்துகளைப் பார்த்துச் சுவையை முடிவு செய்துவிடக் கூடாது. 'ஓபி' என்றால் நீள இலை, முன்னால் இன்னொரு 'பி' சேர்ந்தால் உடைந்த இலை, மற்றவை மொட்டு இருப்பதைச் சொல்பவை. சல்லடையில் எது எங்கே நின்றது என்பதுதான் இதில் பெரும்பகுதி. உலகம் முழுக்க ஒரே அளவுகோலும் கிடையாது. ஒரு தோட்டத்தின் டிஜிஎஃப்ஓபி இன்னொன்றின் சாதாரண ஓபியை விட மட்டமாக இருக்கலாம்.

சரி, இலைக்கு வருவோம். இரண்டு கரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினேன், பகல் வெளிச்சத்தில். மஞ்சள் பல்புக்குக் கீழே எல்லாத் தேயிலையும் அழகாகத்தான் தெரியும். தாளை இரண்டு முறை லேசாக ஆட்டினால் பெரிய இலை மேலே வந்துவிடும், பொடி கீழே தங்கும். மேலாக எடுத்த கரண்டியில் பொடி இல்லை. பையின் அடியிலிருந்து எடுத்த கரண்டியில் கணிசமாக இருந்தது. ஜன்னலை ஏன் மேல்பாதியில் மட்டும் வைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

பொடி கலந்தால் கண்ணுக்கு மட்டும்தான் குறை என்று நினைக்க வேண்டாம். தூள் சட்டென்று சாற்றை விட்டுவிடும், முழு இலை மெதுவாகத்தான் விரியும். இலை விரியட்டும் என்று காத்திருந்தால் தூள் கசக்கத் தொடங்கிவிடும். அளவு ஒரே சீராக இருப்பதை நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.

நிறத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். நல்ல கறுப்பு, லேசான பழுப்புச் சாயல், மேலே எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுக்கம். இலையைச் சுருட்டும்போது கசிந்த சாறு மேலேயே காய்ந்து படிவதால் வருவது அது. சலித்துச் சலித்துத் தேய்த்தால் மினுக்கம் போய் சாம்பல் பூத்துவிடும். அடிப்பகுதி இலைகளில் அந்தச் சாம்பல் தெரிந்தது.

சுருளும் பெரும்பாலும் இறுக்கம். சுருட்டுவதற்கு முன் இலையைப் பதமாக வாட்டியிருக்கிறார்கள், வாட்டம் போதாவிட்டால் இலை சுருளாமல் உடையும். ஆனால் ஒவ்வொரு கரண்டியிலும் சருகு மாதிரி தட்டையான சில துண்டுகள் கிடைத்தன. முற்றிய இலை அப்படித்தான், எவ்வளவு உருட்டினாலும் சுருளாது. கொழுந்து பறித்த கை கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறது.

மொட்டு நிஜம்தான், விளம்பரம் பொய்யில்லை. இளம் மொட்டின் மேலுள்ள மெல்லிய ரோமங்களில் சாறு படிந்து, காற்றுப் பட்டு நிறம் மாறுவதுதான் அந்தப் பொன்னிறம். விரலில் எடுத்து உருட்டினால் வெல்வெட் போல ஒட்டுகிறது. ஆனால் தேநீரின் சாயத்தையும் கடுப்பையும் இது பெரிதாகக் கூட்டாது. பார்க்க அழகு, பறிப்பில் இளங்கொழுந்தும் சேர்ந்திருப்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே.

என்னை எரிச்சல்படுத்தியது காம்பு. செம்பழுப்பு நிறத்தில், இலை அளவே நீளமாக, ஆங்காங்கே குச்சி குச்சியாக. இலையும் குச்சியும் ஒரே நீளம் என்றால் சல்லடையில் இரண்டும் சேர்ந்தேதான் நிற்கும், தனியாகப் பொறுக்கத்தான் வேண்டும். ஒன்றிரண்டு இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. இவ்வளவு பெரிய பட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு இத்தனை குச்சி விடுவது நியாயமில்லை.

அப்புறம் தொடுபதம். இரு விரலில் வைத்து ஒடித்தால் 'டக்'கென்று ஒடிகிறது, வளையவில்லை. உலர்த்தி எடுத்த தேயிலையில் ஈரம் சுமார் 3 சதவீதம் இருக்கும். 7 சதவீதத்தைத் தாண்டினால் பூசணை வாடைக்கு வழி. இது நன்றாகவே காய்ந்திருக்கிறது. அதிகச் சூட்டில் உலர்த்தினால் இலையில் வரும் சிறு கொப்புளங்களும் இல்லை. ஒரு பிடி எடுத்து மூடிய கைக்குள் வாயால் சூடாக ஊதி உடனே முகர்ந்தேன். இனிமையான மரவாசம், கருகல் இல்லை, புகை இல்லை.

சிடிசி, அதாவது இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்து உருட்டிய குருணைத் தேயிலைக்குப் பழகிய கண்ணோடு இதைப் பார்க்காதீர்கள். அங்கே உருண்டை உருண்டையாக, பழுப்பாக இருப்பது குறையல்ல. இங்கே அதே பழுப்பு தூக்கலாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

சுவைப்பவர்களின் கணக்குப்படி 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம் ஊறவிட்டேன். சாயம் தெளிவு, செம்பு நிறம். வாயில் முதலில் இனிப்பு, கடைசியில் ஒரு சொரசொரப்பு. ஊறிய இலையைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் செம்பு நிறம், நடுவே பச்சைத் திட்டுகள். முற்றிய இலைகள் சரியாக நொதிக்கவில்லை என்று அர்த்தம். தாளில் பார்த்த தட்டைத் துண்டுகளைத்தான் நாக்கும் சொல்கிறது.

பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் தேயிலைக்கு ஆகாது. ஜன்னல் வைத்த பையில் விற்பவர், வாங்கியவுடன் டப்பாவுக்கு மாற்றச் சொல்லி ஒரு வரியாவது போட்டிருக்கலாம். பொதி செய்த தேதி இருக்கிறது, எந்தப் பருவத்தில் பறித்தது என்பது இல்லை. இலையின் தரத்தை எனக்கு அதிகம் சொல்லக்கூடியது அதுதான்.

ஐந்துக்கு மூன்று. உலர்த்தியவருக்கு முழு மதிப்பெண், பறிப்புக்கும் தரம் பிரிப்புக்கும் வெட்டு. பால் சேர்க்காமல் குடிப்பவர்கள் வாங்கலாம், மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல். கெட்டியான பால் தேநீர் கேட்பவர்களுக்கு இது சரிப்படாது.