விருந்துக்கு ஒயின் வாங்கி 420 வெள்ளி போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கே சிங்கப்பூரில் இணையத்தில் ஒயின் விற்கும் கடை ஒன்று. 'என்ன சமைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், பொருத்தமான ஒயினை நாங்கள் தருகிறோம்' என்று விளம்பரம் போடுகிற ரகம். 420 வெள்ளி பறிபோனது.

சனிக்கிழமை நண்பர்களுக்கு வீட்டில் விருந்து. மீன்தலைக் கறி, நண்டு மிளகு வறுவல், மட்டன் சுக்கா. வாட்ஸ்அப்பில் அந்த ஆள் விசாரித்த விதம் இருக்கிறதே! கறியில் புளி எவ்வளவு, தேங்காய்ப்பால் உண்டா, காரம் தூக்கலா என்று துருவித் துருவிக் கேட்டார். "காரத்துக்கு டானின், அதான் அந்தத் துவர்ப்பு, கூடின சிவப்பு ஒயின் வேண்டாம்க்கா, எரிச்சல்தான் கூடும். ஜெர்மனி மோசல் பக்கத்து ரீஸ்லிங் வெள்ளை ஒயின் தரேன், லேசா இனிக்கும், ஆல்கஹாலும் கம்மி. மட்டனுக்கு மட்டும் லேசான சிவப்பு, பினோ நுவார்." சொன்னது அத்தனையும் சரி, அதனால்தான் நம்பினேன். இங்கே ஒயினில் உள்ள ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை, அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. போத்தல் 70 வெள்ளி என்றபோது அதிகமாகத் தெரியவில்லை. ஆறு போத்தலுக்கு 420 வெள்ளியையும் பேநவ்வில், அதாவது கைப்பேசி வழி வங்கிப் பரிமாற்றத்தில், அனுப்பினேன்.

காலையில் வர வேண்டிய பெட்டி, விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வந்தது. ரீஸ்லிங் ஒன்றுகூட இல்லை. நான்கு போத்தல் ஆஸ்திரேலிய ஷிராஸ், அந்த ஆளே வேண்டாமென்ற ரகச் சிவப்பு ஒயின், 15 விழுக்காடு ஆல்கஹால்! பினோ நுவார் இரண்டிலும் தக்கை மேலே துருத்திக்கொண்டு, கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. பகல் முழுக்க வேனில் வெந்திருக்க வேண்டும். திறந்தால் வேகவைத்த திராட்சை வாடை. ஷிராஸை மீன்தலைக் கறியோடு குடித்த நண்பருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. புலம்பி முடிப்பதற்குள் மணி 10.30 தாண்டிவிட்டது, அதற்கு மேல் கடையில் மது விற்கக் கூடாது. மோர் குடித்தோம்.

மறுநாள் கேட்டால், "ரீஸ்லிங் முடிஞ்சுபோச்சு, அதைவிட நல்லதைத்தான் அனுப்பினோம்." தக்கையைப் படமெடுத்து அனுப்பினேன். "சுவை ஆளுக்கு ஆள் மாறும்." அப்புறம், "திறந்த போத்தலைத் திரும்ப எடுக்க மாட்டோம்." திறக்காமல் கெட்டுப்போனது எப்படித் தெரியுமாம்? அதன்பின் மேலாளர் வெளிநாட்டில். பணம் கட்டும்வரை 'அக்கா', இப்போது 'டியர் கஸ்டமர்'. கடைசியாக அனுப்பியதற்கு நீல டிக் மட்டும்தான். 420 வெள்ளி, தேக்கா சந்தையில் நான் வாங்கிய மீன், நண்டு, ஆட்டிறைச்சி எல்லாம் சேர்த்தாலும் அதில் பாதி வராது.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எரிச்சலில் ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். சொன்ன ஒயின் இல்லையென்றால் வேறு அனுப்பக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். கொண்டுவந்தவர் நிற்கும்போதே பெட்டியைப் பிரித்து லேபிளையும் தக்கையையும் பாருங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தாயிற்று. அடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம், 5,000 வெள்ளி வரையிலான வழக்குக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.