சுடுவதா, ஓடுவதா, படையல் வைப்பதா?

கையில் இருப்பது ஐந்து தோட்டாக்கள். 'ரெசிடென்ட் ஈவில் 2' விளையாட்டில், ராக்கூன் நகரக் காவல் நிலையத்தின் மேற்குத் தாழ்வாரத்தில் எதிரே இரண்டு ஜாம்பிகள் தள்ளாடி வருகின்றன. தலையைக் குறிவைத்தாலும் ஒன்றைச் சாய்ப்பதற்கே மூன்று நான்கு தோட்டாக்கள் போய்விடும். சாய்ந்தது செத்துவிட்டது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. திரும்பி வரும்போது எழுந்து நின்று வரவேற்கும். சுடாமல் வளைந்து ஓடிவிடலாம்தான். ஆனால் அதே தாழ்வாரத்தில் இன்னும் ஐந்தாறு முறை போய்வர வேண்டியிருக்கும் என்பது ஆடிப் பழகியவனுக்குத் தெரியும். இன்று விட்டுவைத்த ஜாம்பி கந்துவட்டிக் கடன் மாதிரி. என்றைக்காவது, நாம் நொண்டிக்கொண்டு வரும் நேரமாகப் பார்த்து, வாசலில் வந்து நிற்கும்.

சர்வைவல் ஹாரர், அதாவது ஆயுதமும் மருந்தும் குறைவாகக் கொடுத்துப் பயமுறுத்தும் வகை, விளையாட்டு எதையும் நான் இந்தத் தாழ்வாரத்தில் நிறுத்தித்தான் எடைபோடுவேன். பேய் எவ்வளவு கோரம், ரத்தம் எவ்வளவு என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். நிற்பதா ஓடுவதா என்று முடிவெடுக்க முடியாமல் கட்டைவிரல் ஒரு நொடி உறைகிறதே, அதை எத்தனை முறை வரவழைக்கிறது என்பதே என் அளவுகோல்.

2025 செப்டம்பர் 25 அன்று 'சைலன்ட் ஹில் எஃப்' வெளியானதிலிருந்து நண்பர்கள் கேட்கும் ஒரே கேள்வி, இது பழைய வகையறாவா அல்லது பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வந்த வாள்சண்டையா என்பதுதான். தனியாக வைத்துப் பார்த்தால் பதில் சொல்ல முடியாது. அதனால் அலமாரியில் உள்ள இரண்டு விளையாட்டுகளை மறுபடி எடுத்தேன். ஒன்று 2019 ஜனவரியில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' மறுவுருவாக்கம். மற்றொன்று 2024 அக்டோபரில் வந்த 'சைலன்ட் ஹில் 2' மறுவுருவாக்கம். புதிய கதையை இரண்டு பழைய கதைகளோடு மோதவிடுவது நியாயமா என்று கேட்கலாம். ஒரு விளையாட்டுக்கான பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றில் எதை வாங்குவது என்று யோசிப்பவனுக்கு இந்த நியாயமெல்லாம் பொருட்டே இல்லை.

என் பக்கச்சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2001-இல் வந்த மூல 'சைலன்ட் ஹில் 2'-ஐ நான் ஆடியது ஒரு நகல் டிஸ்க்கில். மருத்துவமனைப் பகுதிக்கு வந்ததும் படம் உறைந்து நின்றுவிடும். அதற்கப்பால் என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே இரண்டு வருடம் இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் நானாகக் கற்பனை செய்துவைத்த பயம் அசல் விளையாட்டில்கூட இல்லை. ஆகவே இந்தத் தொடரிடம் எனக்குக் கொஞ்சம் இளக்காரமும் உண்டு, நிறையப் பாசமும் உண்டு.

முதலில் பையைப் பார்ப்போம். இந்த மூன்றின் குணமும் பையில்தான் இருக்கிறது.

ரெசிடென்ட் ஈவில் 2-இல் தொடக்கத்தில் எட்டே எட்டு இடங்கள். துப்பாக்கிக்கு ஓர் இடம், தோட்டாவுக்கு ஓர் இடம், மூலிகைக்கு ஓர் இடம், சாவிக்கும் ஓர் இடம். பெரிய துப்பாக்கியானால் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொண்டு உட்காரும். ஒரு சாவியால் திறக்க வேண்டிய பூட்டெல்லாம் திறந்தாகிவிட்டால் அதன்மேல் சிறிய சிவப்புக் குறி விழும். இனி எறிந்துவிடலாம் என்று பொருள். அந்தக் குறியைப் பார்க்கும்போது கிடைக்கும் நிம்மதி, எந்த அரக்கனைக் கொன்றாலும் கிடைக்காது. கடினமான நிலையில் ஆடினால் ஆட்டத்தைச் சேமிப்பதற்கே தட்டச்சு இயந்திரத்துக்கு மை நாடா வேண்டும். அந்த நாடாவும் பையில் ஓர் இடத்தைத் தின்னும்.

சைலன்ட் ஹில் 2-இல் பைக்கு அளவே இல்லை. நாயகன் ஜேம்ஸின் அந்தப் பச்சைக் கோட்டுக்குள் ஒரு மளிகைக் கடையே அடங்கும். இங்கே கணக்கால் பயம் வருவதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் நோயில் இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று ஒருவன் நம்பிக் கிளம்புகிறான். நமக்கு முதல் நிமிடத்திலிருந்தே அவன்மேல்தான் சந்தேகம்.

புதிய விளையாட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பையில் இடம் குறைவு. கூடவே வழியெங்கும் ஹோகொரா எனப்படும் சிறுகோவில்கள். ஆட்டத்தைச் சேமிப்பதும் அங்கேதான், படையல் வைப்பதும் அங்கேதான். காயத்துக்கான கட்டுத்துணி, மாத்திரை, இனாரிச் சூஷி போன்ற தின்பண்டம் என நம்மிடம் உள்ளதைச் சாமிக்குப் படைத்தால் 'நம்பிக்கை' என்ற புள்ளியாக மாறும். அந்தப் புள்ளியை ஏமா என்ற நேர்த்திப் பலகையோடு சேர்த்துக் கொடுத்தால் உடல்வலு, மனவலு, தாக்குப்பிடிக்கும் வலு ஆகியவற்றில் ஒன்று நிரந்தரமாகக் கூடும். புள்ளியைக் கொடுத்துத் தாயத்து ஒன்றையும் எடுக்கலாம். எது வருமென்பது அதிர்ஷ்டம்.

நான் முதலில் இதை அலட்சியமாகத்தான் நினைத்தேன். கடையில் பொருளை விற்றுக் காசாக்குவதற்குப் பக்திப் பூச்சு பூசியிருக்கிறார்கள் என்று தோன்றியது. இரண்டு மணி நேரம் போனபிறகு புரிந்தது. உடம்பில் பாதி உயிர்; பையில் இரண்டு கட்டுத்துணி; அடுத்த சந்தில் என்ன நிற்கிறது என்று தெரியாது. இப்போது படைத்தால் பிற்பாடு பலன். இப்போது வைத்துக்கொண்டால் இன்றைக்கு உயிர். வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளில் நேர்த்திக்கடன் நினைவுக்கு வருவதுபோன்ற அவஸ்தை அது. ரெசிடென்ட் ஈவிலின் எட்டு இடப் பைக்குப் பிறகு இந்த வகை விளையாட்டில் நான் பார்த்த மிக நல்ல யோசனை இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

சண்டைக்கு வருவோம். தகராறே இங்கேதான்.

எஃப்-இன் நாயகி ஷிமிசு ஹினாகோ 1960-களின் ஜப்பானில் வாழும் பள்ளி மாணவி. அவளிடம் துப்பாக்கி கிடையாது. இரும்புக் குழாய், பேஸ்பால் மட்டை, கோடரி மாதிரியானவைதான். அதிகபட்சம் மூன்றை வைத்துக்கொள்ளலாம். அடிக்க அடிக்கத் தேயும், ஒருகட்டத்தில் உடையும். மூச்சுக்கு ஒரு கோடு, மனநிலைக்கு ஒரு கோடு. கவனத்தைக் குவித்துப் பலமாக அடிக்கலாம், ஆனால் அதற்கு மனநிலையைச் செலவழிக்க வேண்டும். எதிரி பாயும் கணத்தில் சரியாக விலகினால் மூச்சு திரும்பக் கிடைக்கும். எதிரியைக் கொல்வதால் கிடைப்பது என்று எதுவும் இல்லை. தோட்டாவோ பணமோ அனுபவப் புள்ளியோ விழாது. ஆக, ஓடுவதுதான் புத்திசாலித்தனம். காகிதத்தில் படித்தால் கச்சிதமான சர்வைவல் ஹாரர்.

ஆடும்போது முதல் பாதிவரை அப்படியேதான் இருக்கிறது. எபிசுகாவோகா என்ற அந்தக் கற்பனைச் சிற்றூரின் சந்துகள் ஒருவர் பக்கவாட்டில் திரும்பிப் போகும் அளவுக்குக் குறுகலானவை. குழாய் சுவரில் இடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, குழாய் உடைகிறது. பயம் தானாக வருகிறது. ஆனால் இருண்ட ஆலயம் எனும் மறுவுலகத்துக்குள் போனால் அங்குள்ள ஆயுதங்கள் உடைவதே இல்லை. கடைசி மூன்றில் ஒரு பங்கில் வழி அடைபட்டு, எதிரிகள் கூட்டமாக வருகிறார்கள். எல்லோரையும் அடித்து முடித்தால்தான் கதவு திறக்கும். ஓடும் உரிமையைப் பறித்துவிட்டால் பிறகு மிச்சம் இருப்பது விரல் பயிற்சிதான். விரல் பழகிவிட்டது, பயம் போய்விட்டது. ஒரு மாலை முழுக்க நான் நன்றாகச் சண்டை போட்டேன். ஒரு முறைகூடத் திடுக்கிடவில்லை.

ஜேம்ஸின் சண்டை இதற்கு நேர்மாறு. ஆணி அடித்த பலகையை அவன் வீசும்போதே, இவன் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை என்று தெரிகிறது. மறுவுருவாக்கத்தில் விலகிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள், காமிரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தடுமாற்றத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். குறை எண்ணிக்கையில் இருக்கிறது. மூல விளையாட்டைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். சிறைச்சாலைப் பகுதியில் கதவைத் திறந்தால் ஒன்று, மூலை திரும்பினால் ஒன்று என வந்துகொண்டே இருந்து, கடைசியில் கொசு அடிக்கிற சலிப்பு வந்துவிட்டது.

இதில் ரெசிடென்ட் ஈவிலின் நாயகன் லியோன் கென்னடிதான் கெட்டிக்காரன். ரெசிடென்ட் ஈவில் 2 எதிரிகளைக் குறைவாக வைத்து, அவர்களை நம் பாதையில் நிரந்தரமாகக் குடியமர்த்திவிடுகிறது. உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடிக்கலாம், ஆனால் பலகைகள் ஜன்னல்களைவிடக் குறைவு. எந்த ஜன்னல் வழியாக நான் அடிக்கடி போவேன் என்று வரைபடத்தை விரித்து யோசித்த நேரம், சுட்ட நேரத்தைவிட அதிகம்.

மூன்றிலும் ஒவ்வொரு காட்சி எனக்குள் தங்கிவிட்டது. ரெசிடென்ட் ஈவிலில் அது மிஸ்டர் எக்ஸின் காலடி. தொப்பி வைத்த அந்த நெடியவனைக் கொல்ல முடியாது, சற்று நேரம் மண்டியிட வைக்கலாம், அவ்வளவே. 1998-இன் மூலத்தில் இரண்டாம் கதைவழியில் மட்டும் தலைகாட்டியவன், மறுவுருவாக்கத்தில் கட்டடம் முழுக்க உலாவுகிறான். நூலகத்தில் நின்று கவனித்தால் சத்தம் மேலே கேட்கும், பிறகு இடப்பக்கம், பிறகு ஒரு கதவு. முதல் முறை அந்தச் சத்தம் நின்றுபோனபோது, அவன் போய்விட்டானா என் பின்னால் நிற்கிறானா என்று தெரியாமல் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

சைலன்ட் ஹில் 2-இல் மேனிகின்கள். இடுப்புக்கு மேலே இன்னொரு ஜோடி கால்கள் உள்ள உருவங்கள். அலமாரிக்குப் பின்னால், இருட்டு மூலையில், அசையாமல் நிற்கும். டார்ச் வெளிச்சம் ஒரு முழங்கால்மேல் விழும்போது, அதை மேசைக்கால் என்று நினைத்துக் கடந்துபோவோம்.

எஃப்-இல் நெல்வயல் சோளக்கொல்லைப் பொம்மைகள். மூடுபனிக்குள் வரிசையாக நிற்கின்றன. குறிப்பைப் படித்துச் சரியான பொம்மையைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த திசை தெரியும். தவறானதைத் தொட்டால் அது உயிர்பெற்றுப் பாயும். எந்த ஆயுதமும் உதவாத, தமிழ்க் கிராமத்து வயல்வரப்பில் நடந்த எவருக்கும் முதுகு சிலிர்க்கும் புதிர். இவ்வளவு நல்ல யோசனையை வைத்துக்கொண்டு பிற்பகுதியில் ஏன் அத்தனை மல்யுத்தம் என்பதுதான் எனக்குப் புரியாத புதிர்.

ஊர் விஷயத்தில் புதியது தெளிவாக ஜெயிக்கிறது. தொடரின் முதல் விளையாட்டு 1999-இல் வந்தபோது, அந்தக் காலப் பிளேஸ்டேஷனால் தூரத்துக் கட்டடங்களை வரைந்து காட்ட முடியாத குறையை மறைக்கவே பனிமூட்டம் வந்தது. அந்த மறைப்பே பிறகு தொடரின் முகவரியாகிவிட்டது. அந்த ஊர், ஜப்பானியக் கலைஞர்கள் கற்பனையில் கட்டிய அமெரிக்கா. சைலன்ட் ஹில் 2-ஐ மறுவுருவாக்கம் செய்தது போலந்தின் புளூபர் டீம் நிறுவனம். எஃப்-ஐ உருவாக்கியது தைவானின் நியோபார்ட்ஸ். கதை எழுதியவர் ரியூகிஷி07 என்ற புனைபெயர் கொண்ட ஜப்பானிய எழுத்தாளர். முழுக்க ஜப்பானில் நடக்கும் முதல் பெரிய சைலன்ட் ஹில் இதுதான். கிஃபு மாகாணத்தில் கெரோ நகரைச் சேர்ந்த கனயாமா பகுதியை முன்மாதிரியாகக் கொண்ட அந்த ஊரில் ஓட்டுக்கூரைகள், சாக்கடைமேல் பாவிய கற்பலகைகள், பல்பொருள் கடை, எல்லாவற்றின்மீதும் மெல்லப் படரும் சிவப்பு லில்லிகள்.

கதை, குடித்துவிட்டுக் கத்தும் அப்பாவிடமிருந்து ஹினாகோ வீட்டைவிட்டு வெளியேறுவதில் தொடங்குகிறது. அக்கா ஜுன்கோவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அம்மா வாய் திறப்பதில்லை. அடுத்து யாருடைய முறை என்பதை யாரும் சொல்வதில்லை. இந்த வீட்டைப் புரிந்துகொள்ள நமக்கு அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படாது. ஜேம்ஸின் குற்றவுணர்வு ஒரு மனிதனுடையது. ஹினாகோவைத் துரத்துவது ஊர் முழுக்கச் சேர்ந்து சொல்லும் ஒரே வாக்கியம்.

இசையைப் பற்றிச் சுருக்கமாக: சைலன்ட் ஹில் இரண்டிலும் இசையமைப்பாளர் அகிரா யமவோகா இருக்கிறார், அது போதும்.

முடிவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சைலன்ட் ஹில் 2-இல் பழைய ஆறு முடிவுகளோடு புதிதாக இரண்டு. எஃப்-இல் முதல் சுற்றில் எப்படி ஆடினாலும் ஒரே முடிவுதான் வரும். பாதிக் கதை அதற்குப் பிறகுதான் அவிழ்கிறது. முதல் முடிவைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு விற்றுவிட்ட நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். நானே தடுத்திருக்க வேண்டும்.

இந்த வகையைத் தொட்டே பார்க்காதவர் ரெசிடென்ட் ஈவில் 2-ஐ வாங்குங்கள். கட்டுமானத்தில் அதற்கு நிகர் இல்லை, விலையும் அடிக்கடி இறங்குகிறது. கதைக்காக மனம் கனத்துப்போவதில் ஆட்சேபம் இல்லாதவர் சைலன்ட் ஹில் 2-ஐ வாங்கலாம், சிறைச்சாலையில் பொறுமை வேண்டும். எஃப்-ஐ வாங்குபவர் தொடக்கத்திலேயே சண்டையை எளிதான 'கதை' நிலையிலும் புதிர்களைக் கடின நிலையிலும் வையுங்கள். இரண்டையும் தனித்தனியே அமைக்கலாம். வீராப்புக்காகச் சண்டையைக் கடினமாக்கிக்கொண்டு மூன்று நாள் வீணடித்தவன் சொல்கிறேன்.

நான் இப்போது இரண்டாம் சுற்றில் இருக்கிறேன். நேற்றிரவு ஒரு ஹோகொராவின் முன் நின்றபோது பையில் ஒரே ஒரு கட்டுத்துணி, உடைவதற்கு நாலைந்து அடி மிச்சமுள்ள ஒரு குழாய். சந்தின் முனையில் ஏதோ எலும்பு முறிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. கட்டுத்துணியைப் படைத்துவிட்டு, ஆட்டத்தைச் சேமித்து, விளக்கை அணைக்காமல் படுத்தேன்.