வெட்ரியானோவா, டாய்கா? ஒரே பருவத்தில் இரண்டு ஸ்காட்லாந்து ஓவியர்கள்

2013 செப்டம்பர் 21 முதல் நவம்பர் 3 வரை, ஆறு வாரம், ஸ்காட்லாந்தில் இருந்தவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது. எடின்பரோவில் ஸ்காட்டிஷ் நேஷனல் கேலரியில் பீட்டர் டாய்க்கின் படங்கள். அங்கே ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் கிளாஸ்கோ, அங்கே கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் ஜாக் வெட்ரியானோவின் நூறுக்கும் மேற்பட்ட படங்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஆனால் ஒருவரைப் பிடித்தவர்கள் இன்னொருவரைப் பார்க்கவே மாட்டேன் என்று நிற்பதுதான் வழக்கம். சரி, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் வந்த வழி. வெட்ரியானோ 1951-ல் ஃபைஃப் பகுதியில் மெத்தில் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர், இயற்பெயர் ஜாக் ஹோகன். பள்ளியை விட்டதும் சுரங்கத்தில் தொழில் பழகப் போனார். 21-வது பிறந்தநாளுக்குத் தோழி ஒருவர் வாங்கித் தந்த வாட்டர்கலர் பெட்டியில்தான் ஓவியம் தொடங்கியது. ஆர்ட் ஸ்கூல் வாசலை மிதிக்கவில்லை. பக்கத்து ஊரான கர்காடியின் கேலரியில் பெப்லோ, மெக்டகார்ட் போன்ற ஸ்காட்லாந்து ஓவியர்களின் நல்ல படங்கள் நிறைய உண்டு, அவைதான் அவருக்குப் பாடப்புத்தகம், பார்த்துப் பார்த்து நகல் எடுத்தே கை தேர்ந்தார். 1988-ல் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் ஆண்டுக் கண்காட்சிக்கு இரண்டு படங்களை அனுப்பினார், முதல் நாளே இரண்டும் விற்றுப்போயின. அப்புறம் வேலையை விட்டார், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரிலிருந்து வெட்ரியானோ என்ற பெயரை எடுத்துக்கொண்டார்.

இதற்கு முந்தைய ஆண்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1987-ல் எடின்பரோவின் நவீன ஓவிய கேலரி, ஹவ்ஸன், கரி, கேம்ப்பெல், விஷ்னியெவ்ஸ்கி ஆகியோர் உட்பட ஓர் இளைய தலைமுறையை ஒன்றாகக் கூட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியிருந்தது. இந்த நால்வருமே கிளாஸ்கோ ஆர்ட் ஸ்கூலில் படித்தவர்கள். அதாவது ஸ்காட்லாந்து ஓவியத்துக்கு அந்த நேரத்தில் ஓர் ஆள்வரிசை தயாராகவே இருந்தது. மறு வருடம் வந்து சேர்ந்த மெத்தில்காரருக்கு அதில் இடம் இல்லை.

டாய்க் வேறு திசை. 1959-ல் எடின்பரோவில் பிறந்தார், மூன்று வயதுக்குள் குடும்பம் டிரினிடாட் போய்விட்டது, 1966-ல் கனடா. 1979-ல் லண்டன் வந்து விம்பிள்டன், செயின்ட் மார்ட்டின்ஸ் என்று ஓவியக் கல்லூரிகளில் படித்தார். நடுவில் மாண்ட்ரியாலுக்குத் திரும்பிச் சில வருடம் இருந்துவிட்டு மறுபடி லண்டன் வந்து செல்ஸியில் மேற்படிப்பு. அதன் பிறகு படிகள் வரிசையாக வந்தன: 1991-ல் வைட்சாப்பல் விருது, 1993-ல் ஜான் மூர்ஸ் பரிசு, 1994-ல் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசுக்கான பட்டியல், 2008-ல் லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் கண்காட்சி. 2002-ல் டிரினிடாடுக்கே குடியேறியவர், 2005 முதல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் ஓவிய அகாடமியில் பாடமும் எடுத்தார். இவரை ஸ்காட்லாந்து ஓவியர் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிறந்த நாட்டில் அவருடைய முதல் பெரிய கண்காட்சியே 2013-ல்தான், 54 வயதில்.

இப்போது படங்கள். வெட்ரியானோவின் பெயர் சொன்னாலே நினைவுக்கு வருவது 'பாடும் பட்லர்' என்ற 1992-ம் ஆண்டுப் படம். ஈரமான கடற்கரையில் விருந்து உடையில் ஒரு ஜோடி நடனமாடுகிறது, இரு பக்கமும் பட்லரும் பணிப்பெண்ணும் காற்றோடு போராடிக் குடை பிடித்து நிற்கிறார்கள். லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சிக்கு அனுப்பியபோது வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அதே படம் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற அச்சுப்படங்களில் ஒன்றானது. டாய்க்குக்கு அந்த இடத்தில் 'வெள்ளைக் கேனோ'வை வைக்கலாம், 1990-91. இரவு ஏரியில் வெள்ளையாக ஒரு படகு, தண்ணீரில் அதன் நிழல், மேலும் கீழும் இருட்டும் நிறப் புள்ளிகளும். இரண்டு மீட்டர் உயரம், அதைவிடக் கூடுதல் அகலம்.

இங்கே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: ஓவியர் என்ற அளவில் டாய்க் பெரியவர். காரணம் எளிது. வெட்ரியானோவின் படத்தை ஒரு மீட்டர் தள்ளிப் பார்த்தாலும் வாழ்த்து அட்டையில் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே படம்தான் கிடைக்கிறது, சாயம் வழவழப்பாக உட்கார்ந்திருக்கிறது, கதை முதல் பார்வையிலேயே முழுசாக வந்துவிடுகிறது. அச்சில் அவருக்கு அத்தனை வெற்றி கிடைத்ததற்கே அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டாய்க்கின் படம் அச்சில் செத்துவிடும். எட்ட நின்றால் பனி, கிட்டப் போனால் பனி என்று நினைத்தது எல்லாம் தடித்த சாயக் கட்டிகள், வழிந்த கோடுகள், மெல்லிய கறைகள், மறுபடி பின்னால் நகர்ந்தால் முன்பு பார்த்த இடம் அங்கே இல்லை. இதைப் புத்தகத்தில் பார்த்து முடிவு செய்யவே கூடாது.

ஆனால் வெட்ரியானோமேல் வைக்கப்படும் ஒரு குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியாது. 2005-ல் பட்லர் படத்தின் உருவங்கள் ஓவியர்களுக்கான ஒரு மாதிரிப்படப் புத்தகத்திலிருந்து எடுத்தவை என்று தெரிய வந்தபோது பெரிய கண்டுபிடிப்பு போலக் கேலி செய்தார்கள். மாடலுக்குக் காசு கொடுக்க முடியாத, ஆர்ட் ஸ்கூலில் படிக்காத மனிதர் வேறு எதைப் பார்த்து வரைவார்? டாய்க்கின் கேனோ ஒரு திகில் படத்தின் கடைசிக் காட்சியிலிருந்து வந்தது. அவருடைய 2001-ம் ஆண்டுப் படகுப் படத்தில் உட்கார்ந்திருக்கும் நீண்ட தலைமுடிக்காரர் ஓர் இசைத்தட்டு உறையிலிருந்து வந்தவர். அங்கே அதை நினைவும் பிம்பமும் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். எடுத்ததை வைத்து என்ன செய்தார் என்பதில் டாய்க் எங்கேயோ போய்விடுகிறார், அது உண்மை. எடுத்ததே தப்பு என்றால் அது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

பணக் கணக்கு இன்னும் சுவாரசியம். பட்லர் படம் 2004 ஏப்ரலில் ஏலத்தில் 7,44,800 பவுண்டுக்குப் போனது. வெட்ரியானோவுக்கு அந்த ஏலத்திலிருந்து ஒரு பென்னிகூட இல்லை, ஏனென்றால் மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் பிரிட்டனில் 2006-ல்தான் வந்தது. 'வெள்ளைக் கேனோ' 2007 பிப்ரவரியில் 57 லட்சம் பவுண்டு, உயிரோடு இருக்கும் ஐரோப்பிய ஓவியர் ஒருவருக்கு அதுவரை ஏலத்தில் கிடைக்காத விலை. அப்போது சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் அன்று அது ஓவியருக்குத் தந்தது ஒரு விற்பனைக்கு அதிகபட்சம் 12,500 யூரோதான். 'ஸ்வாம்ப்டு' என்ற டாய்க் படம் 2015-ல் 2.59 கோடி டாலர், 2021-ல் கிட்டத்தட்ட 4 கோடி டாலர், இடையில் ஏறிய தொகை எல்லாம் வைத்திருந்து விற்றவருக்கு. வெட்ரியானோவின் நிலை வேறு. மூலப்படம் யார் கையில் இருந்தாலும் காப்புரிமை அவரிடமே இருந்ததால் போஸ்டரும் அட்டையும் விற்க விற்க ராயல்டி வந்துகொண்டே இருந்தது. மதிப்பு குறைவு என்று பழித்த அந்த அச்சுப்படம்தான் ஓவியருக்கு நேரே சோறு போட்டது.

சுவர்கள் விஷயத்துக்கு வருவோம், எனக்கு வருத்தம் தருவது இதுதான். டாய்க்குக்கு 2013-ல் இடம் கொடுத்தது தேசிய கேலரி, அந்தக் கண்காட்சி பிறகு மாண்ட்ரியாலுக்கும் போனது. வெட்ரியானோவுக்கு இடம் கொடுத்தது கிளாஸ்கோ நகரத்தின் அருங்காட்சியகம். தேசிய அமைப்புகளில் அவர் தலைகாட்டியது 2011-ல் புதுப்பித்துத் திறந்த எடின்பரோ போர்ட்ரெய்ட் கேலரியில், அதாவது உருவப்படங்களுக்கான தேசிய கேலரியில், ஒரே ஒரு சுய உருவப்படமாக. படம் பிடிக்கவில்லை என்று சொல்ல கேலரி அதிகாரிகளுக்கு உரிமை உண்டு, நானே பல படங்களில் அலுத்துப்போகிறேன், முக்கியமாகப் பிற்காலத்து இருட்டறை, சிகரெட், கருப்பு உள்ளாடை வகையறா. ஆனால் லட்சக்கணக்கான வீடுகளில் தொங்கும் ஒரு ஓவியத்தை எதிரில் நிறுத்தி, ஏன் பிடிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று சுவரிலேயே வாதாடிக் காட்டுவது ஒரு தேசிய கேலரியின் வேலை இல்லையா?

கையெழுத்திலும் இரண்டு பேருக்கும் ஒரு கதை உண்டு. கையெழுத்தோடு 1976 என்று தேதியிட்ட ஒரு பாலைவனக் காட்சியை டாய்க்கின் படம் என்று ஒருவர் அடித்துச் சொல்ல, விஷயம் சிகாகோ நீதிமன்றம் வரை போனது. அது என் கை இல்லை என்று ஓர் ஓவியர் சாட்சி சொல்ல வேண்டிய நிலை, 2016-ல் டாய்க் பக்கம் தீர்ப்பு வந்தது. வெட்ரியானோவுக்கு நேர்மாறு. 2022-ல் கர்காடி கேலரி அவருடைய ஆரம்ப காலப் படங்களைக் காட்சிக்கு வைத்தது, ஹோகன் என்று கையெழுத்திட்ட நகல்களும் பயிற்சிகளும் அதில் இருந்தன. பிறருடைய படங்களைப் பார்த்துப் பழகிய அதே கட்டடத்தில், அந்தப் பழகலையே வெளியில் வைத்தார்கள்.

முதலில் யாரைப் பார்ப்பது என்று கேட்டால், டாய்க்கின் படம் எட்டும் தூரத்தில் எங்கே தொங்கினாலும் கணினியை மூடிவிட்டுப் போங்கள், எதிரில் நின்றால்தான் அது படம். 2023-ல் லண்டன் கோர்ட்டால்ட் கேலரியில் பழைய பிரெஞ்சு மேதைகளான செசானுக்கும் மானேவுக்கும் பக்கத்து அறைகளில் அவருடைய புதிய படங்களை வைத்தார்கள், அந்த அண்டை வீட்டுக்காரர்களைத் தாங்கி நிற்கிற ஓவியர் அவர். வெட்ரியானோவுக்கு 90-களின் தொடக்கத்துக் கடற்கரைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். 2025 மார்ச் 1 அன்று, நீஸ் நகரில், 73 வயதில் அவர் இறந்தார். கடற்கரைப் படங்களில் ஆட்களைக் கையால் மறைத்துவிட்டு, ஈர மணலில் வானம் விழுந்து கிடக்கும் அந்தக் கீழ்ப்பகுதியை மட்டும் பாருங்கள், கர்காடியில் உட்கார்ந்து மெக்டகார்ட்டின் கடலைப் பார்த்த பையன் அங்கே இருக்கிறான்.