ஹேண்ட்பேக், சைடு பேக், பேக்பேக், தைத்து வாங்கிய பாக்கெட்: எது தோளுக்கு நல்லது, எது யாருக்கு?

நாங்கள் மூன்று பேரும் வெளியே கிளம்பினால் பை ஒன்றுதான் கிளம்பும். அது என்னுடையது. என் மொபைல், பர்ஸ், சாவி, குடை எல்லாம் எனக்கானவை. அதற்கு மேல் கணவரின் கண்ணாடிக் கூடு, அவருடைய பிரஷர் மாத்திரை, மகனின் தண்ணீர் பாட்டில், பாதி வழியில் அவன் கழற்றிக் கொடுத்த தொப்பி, வழியில் யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை. போன வருடம் தோள்பட்டை வலி என்று டாக்டரிடம் போனபோது, "எந்தத் தோளில் பை மாட்டுவீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். வீட்டுக்கு வந்து பையைத் தராசில் வைத்தேன். 3 கிலோ 200 கிராம்.

அன்றிலிருந்து எட்டு மாதம் நான்கு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தினமும் திருச்சி டவுன் பஸ்ஸில் ஆபீஸ் போய் வருபவள் நான். வாரத்தில் இரண்டு நாள் புடவை, மற்ற நாட்களில் சுடிதார். இந்த ஒப்பீடு அந்த வாழ்க்கையிலிருந்து வருகிறது.

பையைப் பேசும் முன் பாக்கெட்

நான் பை தூக்குவதற்குக் காரணம் எனக்குப் பை பிடிக்கும் என்பது அல்ல. என் உடுப்பில் பாக்கெட் கிடையாது. என் கணவர் சட்டையிலும் பேண்ட்டிலும் சேர்த்து ஐந்து பாக்கெட் வைத்திருக்கிறார். இதில் ஜீன்ஸும் விதிவிலக்கில்லை. 'தி புடிங்' என்ற அமெரிக்க இணைய இதழ் 2018-இல் 20 பிராண்டுகளின் ஜீன்ஸ்களை டேப் வைத்து அளந்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட், ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. ஒரே துணி, ஒரே பெயர், ஆனால் பாதிப் பாக்கெட்.

நம் ஊர்ப் பழைய உடுப்புகளில் இந்த வித்தியாசம் இவ்வளவு இல்லை. தாத்தாவுக்கு வேட்டி மடி, பட்டாபட்டி டிரவுசரில் பை, அதற்கு மேல் பர்ஸ் வைத்த பச்சை பெல்ட். பாட்டிக்கு முந்தானை முடிச்சு, இடுப்பில் செருகிய சுருக்குப்பை. இருவரும் காசை உடம்போடு வைத்துக்கொண்டார்கள், இருவர் கையும் சும்மா இருந்தது. ஆண் பேண்ட்டுக்கு மாறியபோது மடி போய் ஐந்து பாக்கெட் வந்தது. பெண் சுடிதாருக்கு மாறியபோது கொசுவமும் இடுப்பும் போய் நாடா வந்தது. நடக்க, வண்டி ஓட்ட, படி ஏற சுடிதார் எவ்வளவோ மேல். ஆனால் வைத்துக்கொள்ள ஓர் இடம் இருந்ததே, அதை யாரும் திருப்பித் தரவில்லை. அந்த இடத்துக்குத்தான் ஹேண்ட்பேக் வந்து உட்கார்ந்தது.

ஹேண்ட்பேக்

புடவைக்கு இதுதான் பொருத்தம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டுப்புடவையோடு ஒரு நல்ல தோல் ஹேண்ட்பேக் தரும் அழகை வேறு எந்தப் பையும் தராது. ஜிப் இருக்கிறது, உள்ளே அறைகள் இருக்கின்றன, மழைக்குத் தாங்கும்.

ஆனால் பஸ்ஸில் நின்று பாருங்கள். ஒரு கை கம்பியில், இன்னொரு கை தோளிலிருந்து நழுவும் வாரில். பஸ் பிரேக் போட்டால் எதைப் பிடிப்பது? நழுவாமல் இருக்கத் தோளைக் கொஞ்சம் தூக்கியே நிற்கப் பழகிவிடுகிறோம். என் வலி அங்கேதான் பிறந்தது. காலிப் பையே முக்கால் கிலோ வந்தது என்பதையும் தராசுதான் சொன்னது. நம் டவுன் பஸ்ஸில், உட்கார்ந்திருப்பவர் "பையைக் கொடும்மா" என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அந்த நல்ல மனது இல்லாவிட்டால் என் தோள் இன்னும் சீக்கிரம் விழுந்திருக்கும்.

ஆண்கள் ஹேண்ட்பேக்கைப் பிடிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடை வாசலில் மனைவியின் பையோடு நிற்பவர்களைப் பாருங்கள். வாரைத் தோளில் மாட்டினால் வேலை சுலபம். ஆனால் யாரும் மாட்ட மாட்டார்கள். இரண்டு விரலில் தொங்கவிட்டோ, பந்து மாதிரி மார்போடு அணைத்தோ நிற்பார்கள், 'இது என்னுடையது இல்லை' என்று உலகத்துக்குச் சொல்வது போல. தோளில் மாட்டினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. ஏனென்றால் பள்ளிக்கூட வயதிலேயே கேலி செய்து பழக்கிவிடுகிறோம்.

சைடு பேக்

குறுக்காக மாட்டும் பை. இரண்டு கையும் சும்மா இருக்கும், எடை தோளிலிருந்து முதுகுக்குப் பரவும், ஜிப் எப்போதும் கண் முன்னால். கூட்டத்தில் இதைவிடப் பாதுகாப்பான பை இல்லை. சின்னதாக இருப்பதால் ஊரார் சாமான் எல்லாம் உள்ளே வராது. அது குறையா நிறையா என்றால் எனக்கு நிறைதான்.

பெண்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு, வெளியே பேசுவதில்லை. வார் மார்புக்கு நடுவே அழுத்திப் போகும். பார்வைகள் வரும். துப்பட்டாவைச் சரிசெய்து சரிசெய்தே கை ஓய்ந்துவிடும். என் ஆபீஸ் தோழிகள் இரண்டு பேர் இந்த ஒரே காரணத்துக்காக சைடு பேக்கை விட்டுவிட்டார்கள். வாரைத் தளர்த்தி, பையைப் பின்பக்க இடுப்புக்குத் தள்ளினால் கொஞ்சம் சரியாகும். முழுக்கச் சரியாகாது. தப்பு வாரில் இல்லை, பார்க்கிறவர்களிடம் இருக்கிறது.

ஆண்களுக்கு? "அது லேடீஸ் பேக் மாதிரி இருக்கு" என்பதுதான் என் கணவர் முதலில் சொன்னது. நான் பஸ் கண்டக்டரைக் காட்டினேன். தலைமுறை தலைமுறையாகக் குறுக்காகத் தோல் பை மாட்டியவர் அவர். கவிஞர்களும் கட்சித் தோழர்களும் மாட்டிய ஜோல்னாப் பை இருக்கிறது. வட்டிக்கு விடுபவரும் இடத் தரகரும் கக்கத்தில் இடுக்கும் குட்டித் தோல் பை இருக்கிறது. சந்தைக்குப் போகும் ஆண் கையில் மஞ்சப்பை இருக்கிறது. ஆணுக்குப் பை எப்போதுமே உண்டு.

யோசித்துப் பார்த்தால் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆண் தூக்கும் பை ஒரு வேலைக்காகக் கிளம்பும், வேலை முடிந்ததும் காலியாகிவிடும். டிக்கெட் பணத்தைக் கட்டினால் கண்டக்டர் பை காலி. காய்கறியைக் கொட்டினால் மஞ்சப்பை காலி. பெண்ணின் பை காலியாவதே இல்லை. யாருக்கோ தலை வலிக்கலாம், குழந்தை வாந்தி எடுக்கலாம், மழை வரலாம் என்று எப்போதும் தயாராக இருக்க வேண்டிய பை அது. அந்தத் தயார்நிலைதான் 3 கிலோ 200 கிராம்.

மஞ்சப்பை

இதைக் கேலி செய்ததற்குக் காரணம் ஆண் பெண் அல்ல, பட்டணம் கிராமம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது. பட்டிக்காட்டு அடையாளம் என்று ஒளித்த பையை இப்போது பெருமையாகத் தூக்குகிறோம். தினசரிப் பையாக இது உதவாது, ஜிப் இல்லை. மடித்து உள்ளே ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

பேக்பேக்

எடையைப் பொறுத்தவரை இதுதான் முதலிடம். இரண்டு தோளும் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்கூட்டி ஓட்டுபவருக்கு இதைவிட நல்லது கிடையாது. பையனும் பெண்ணும் ஒரே மாதிரி மாட்டும் ஒரே பையும் இதுதான். பள்ளிப் பையின் எடை குழந்தையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020-இல் மத்திய அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. பெரியவர்களின் பையை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

புடவைக்கு மட்டும் சரிப்படவில்லை. தோளில் பின் குத்திய மடிப்பை வார் இழுத்து இழுத்து, நான் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மடிப்பு கலைந்துவிடும், ஒருமுறை துணியே கிழிந்தது. திருச்சி வெயிலில் முதுகு நனைந்துவிடும். "காலேஜ் பொண்ணு மாதிரி இருக்கே" என்று ஆபீஸில் ஓர் அக்கா சொன்னார். அன்பாகத்தான் சொன்னார், ஆனாலும் மறுநாள் நான் ஹேண்ட்பேக்கை எடுத்தேன். நாற்பது வயதுப் பெண்ணின் முதுகில் பேக்பேக் இருப்பதை நம் கண் இன்னும் பழகவில்லை. நாற்பது வயது ஐ.டி. ஆணின் முதுகில் அது இருப்பதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

தைத்து வாங்கிய பாக்கெட்

எனக்கு அதிகம் உதவியது இதுதான். தையல்காரர் அண்ணனிடம் சுடிதாரில் பாக்கெட் கேட்டபோது, "லேடீஸுக்கு எதுக்கும்மா பாக்கெட்? ஷேப் போயிடும்" என்றார். வற்புறுத்தித் தைத்தோம். முதல் பாக்கெட் தோல்வி. டாப்ஸின் சைடு தையலில் வைத்தார், மெல்லிய ரேயான் துணி, மொபைல் போட்டதும் ஒரு பக்கம் தொங்கி, கழுத்தே கோணலானது.

இரண்டாவது முறை அவரே யோசித்தார். பாக்கெட்டை டாப்ஸில் வைக்காமல் பேண்ட்டில் வைத்தார். பையின் மேல் விளிம்பை இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைத்தார். எடையை இடுப்பு தாங்குவதால் துணி இழுபடவில்லை. டாப்ஸின் சைடு ஓப்பன் வழியாகக் கை நேராக உள்ளே போகிறது. பாக்கெட்டுக்கு மட்டும் கெட்டி பருத்தித் துணி, கால் மீட்டர் போதும், இரண்டு வந்துவிடும். அளவு கொடுக்கும்போது மொபைலைக் கையில் கொண்டுபோங்கள். கைமணிக்கட்டு வரை உள்ளே போனால்தான் அது பாக்கெட். ஒன்றுக்கு 40 ரூபாய் வாங்கினார். இப்போது வேறு இரண்டு பேருக்கும் தைத்துக் கொடுத்ததாகச் சந்தோஷமாகச் சொன்னார்.

மொபைல், சாவி, 500 ரூபாய். காலையில் பால் வாங்க, மாலையில் நடக்கப் போக, பையே வேண்டாம். கை வீசி நடப்பது இவ்வளவு சுகம் என்று எனக்கு இத்தனை வயதில்தான் தெரிந்தது.

வீட்டு உடுப்பிலும் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்ற இதே கதை உண்டு. 2014-இல் வேட்டி கட்டி வந்த ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே, வேட்டியைத் தடுக்கும் கிளப்புகளுக்கு எதிராகச் சட்டசபையில் சட்டம் வந்தது. நல்ல சட்டம், என் அப்பாவும் வேட்டிதான். 2018-இல் ஆந்திராவின் தோகலப்பள்ளி கிராமத்தில் பகலில் நைட்டி போடும் பெண்களுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் அறிவித்தார்கள். இரண்டுமே வெயிலுக்கு ஏற்ற, காற்றோட்டமான உடுப்பு. எங்கள் தெருவில் அபராதம் இல்லை, ஆனால் பால் பூத்துக்குப் போக நைட்டி மேல் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். பாக்கெட் வைத்த நைட்டி இப்போது கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

என் தேர்வு இதுதான். சுடிதார் நாளில் தைத்த பாக்கெட்டும் சின்ன சைடு பேக்கும். ஸ்கூட்டியில் போனால் பேக்பேக். புடவை நாளில் ஹேண்ட்பேக், ஆனால் அடுத்தவர் சாமான் இல்லாமல்.

கணவர் பழுப்பு நிறத்தில் ஒரு சைடு பேக் வாங்கிவிட்டார். கண்ணாடி, மாத்திரை, மகனின் பாட்டில் அவர் பையில். பின்பாக்கெட்டில் திணித்திருந்த கனத்த பர்ஸும் அதற்குள் போனதால், ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்து வந்த இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்கிறார். போன வாரம் என் ஹேண்ட்பேக்கை மறுபடி நிறுத்தேன். 1 கிலோ 400 கிராம்.

புடவைக்குப் பாக்கெட்தான் இன்னும் பிடிபடவில்லை. உள்பாவாடையில் வலது பக்கம் ஒரு பை வைத்துப் பார்த்தோம், எடுக்க வேண்டுமென்றால் கொசுவத்தைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. பாட்டியின் சுருக்குப்பையைப் பெட்டியிலிருந்து எடுத்து தையல்காரர் அண்ணனிடம் மாதிரிக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் வெற்றிலையும் சில்லறையும் போகும், மொபைல் போகாது. இரண்டு அங்குலம் நீளம் கூட்டி, இடுப்பில் மாட்ட ஒரு கொக்கி வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார்.