அம்பாசடரில் இசுசு எஞ்சின்: பழைய ஏசியை ஒட்டவைப்பதா, எஞ்சினோடு வந்த கம்ப்ரெசரை வைத்துக்கொள்வதா?

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் மார்க் 4 அம்பாசடருக்கு எஞ்சின் மாற்றினோம். பழைய 1489 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, ஏசியோடு ஓடிய பிந்தைய அம்பாசடர் ஒன்றிலிருந்து எடுத்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜெக்‌ஷன் எஞ்சினை வைத்தோம். ஆர்டிஓ அனுமதி, ஆர்சியில் புது எஞ்சின் நம்பர் எல்லாம் முதலிலேயே முடித்தாயிற்று. எஞ்சின் ஒரு வாரத்தில் உட்கார்ந்துவிட்டது, ஏசிதான் ஒரு வருடம் இழுத்தது. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முன்னால் இருந்த வழிகள் மூன்று. அப்பா 1991இல் கோயம்புத்தூரில் மாட்டிய டேஷ்போர்டு அடி ஏசியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பழைய கம்ப்ரெசருக்கு (எஞ்சின் பெல்ட்டில் ஓடி ஏசி கேஸை அழுத்தும் பம்ப்) புது எஞ்சினில் ஒரு பிராக்கெட் அடிப்பது முதல் வழி. இரண்டாவது, எஞ்சினோடு வந்த கம்ப்ரெசரைக் கம்பெனி பிராக்கெட்டிலேயே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப மாற்றுவது. மூன்றாவது எலெக்ட்ரிக் கம்ப்ரெசர். அதை நான் ஓட்டிப் பார்க்கவில்லை, கணக்கு மட்டும் போட்டேன்: 1.2 கிலோவாட் இழுத்தாலே 12 வோல்ட்டில் 100 ஆம்ப் வேண்டும், அதற்குப் பெரிய ஆல்டர்னேட்டர், தடித்த வயர் என்று வேலை வளர்ந்துகொண்டே போகும். அதோடு விட்டுவிட்டேன்.

முதலில் போனது பழைய கம்ப்ரெசர் வழிதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிப் போட மனம் வரவில்லை. ஒரு லேத் பட்டறையில் 6 மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட் வெல்டு செய்து மாட்டினார்கள், கூலிங்கும் வந்தது. பத்தே நாளில் பெல்ட் கத்த ஆரம்பித்தது. பானெட்டைத் திறந்தால் கம்ப்ரெசரைச் சுற்றி மை கொட்டியது போலக் கறுப்புத் தூள். டென்ஷன் ஏற்றினோம், பெல்ட் மாற்றினோம், மூன்றாவது மாதம் வெல்டு ஓரத்தில் முடி போல ஒரு விரிசல். வேறு ஒரு மெக்கானிக் வந்து இரண்டு புல்லி மேலும் நீளமான இரும்பு ஸ்கேலை வைத்து, "ஒரு நூல் தள்ளி இருக்குதுங்க சார், இது நிக்காது" என்றார். ஒரு நூல் என்றால் மூன்று மில்லிமீட்டர்.

என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் அந்த ஒரு நூலில்தான் இருக்கிறது. வண்டி நிற்கும்போது புல்லிகளை ஒரே கோட்டில் கொண்டுவருவது பெரிய வேலை இல்லை, எங்கள் பட்டறையும் நிச்சயம் அளந்துதான் வைத்திருக்கும். ஆனால் கம்ப்ரெசர் புல்லியில் இருக்கும் கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பெல்ட் கம்ப்ரெசரை ஒரு பக்கமாக இழுக்கிறது, அதுவும் பழைய இரண்டு பிஸ்டன் கம்ப்ரெசர் என்றால் ஓடும்போது விட்டு விட்டு உதறுகிறது, தகட்டு பிராக்கெட் அந்த இழுப்பில் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. அப்படியானால் மாட்டும்போது அளந்த நேர்கோடு ஓட்டத்தில் இல்லை. இன்னும் கனமான தகடு, குறுக்கே ஒரு தாங்கு என்று போட்டால் தாக்குப்பிடிக்கலாம், நல்ல கைக்காரர் செய்து வருடக்கணக்காக ஓடுகிற வண்டியும் உண்டு. கம்பெனி பிராக்கெட் வார்ப்பு, பிளாக்கில் அதற்கென்றே விட்ட போல்ட் துளைகளில் உட்காருகிறது. பெல்ட்டுக்கு ஒரு நம்பர் இருக்கிறது, வழியில் அறுந்தால் அந்த நம்பரைச் சொல்லிக் கடையில் வாங்கலாம். சொந்த பிராக்கெட்டில் பெல்ட் நீளம் நமக்கு மட்டுமே தெரிந்த அளவு.

அதனால் இரண்டாவது வழிக்கு மாறினேன், இது இரண்டாவது கோடை, இதுவரை பெல்ட்டில் கை வைக்கவில்லை. டேஷ்போர்டு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியை எடுக்கவில்லை, வண்டிக்கு அதுதான் முகம். உள்ளே இருந்த கூலிங் காயிலையும், அதற்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வையும் மட்டும் மாற்றினோம். காயிலில் சொருகும் தெர்மோஸ்டாட் கம்பியைப் பழைய ஆழத்துக்கே சொருகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காயில் பனி கட்டிக் காற்று நின்றுவிடும்.

கேஸ் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். பழைய ஏசிகளில் இருந்த ஆர்12 கேஸின் தயாரிப்பு, ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010க்குள் இந்தியாவில் நின்றுவிட்டது. இன்று ஆர்12 என்று சொல்லி ஏற்றுவதில் எரியும் வாயுக் கலவையும் இருக்கலாம், அதை உள்ளே உட்காரும் மனிதர்களை நினைத்தாவது தவிர்க்க வேண்டும். அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ கேஸுக்குப் போனால் ஹோஸ், ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் எல்லாம் புதிது. கம்ப்ரெசருக்குப் போடும் பழைய மினரல் ஆயில் இந்த கேஸோடு கலக்காது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் இந்த கேஸ் மெதுவாகக் கசியும், அதனால் உள்ளே தடுப்பு லேயர் உள்ள ஹோஸ்தான் போட வேண்டும். கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரும் மாற வேண்டும்: 60 டிகிரியில் ஆர்12 அழுத்தம் சுமார் 15 பார், ஆர்134ஏ சுமார் 17 பார், பழைய குழாய்க் கண்டென்சர் சிக்னலில் நிற்கும்போது திணறும். நான் பேரலல் ஃப்ளோ (கேஸ் பல மெல்லிய குழாய்களில் ஒரே நேரத்தில் போகும்) கண்டென்சரும் முன்னால் ஒரு எலெக்ட்ரிக் ஃபேனும் போட்டேன், அம்பாசடர் கிரில்லுக்குப் பின்னால் இடத்துக்குப் பஞ்சமில்லை. செலவில் பாதிக்கு மேல் இதற்கும் ஹோஸுக்கும்தான் போயிற்று. செலவை மட்டும் பார்த்தால் பழைய கம்ப்ரெசர் வழிதான் மலிவு, அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் ஏசி போடுவதை ஈசியூவுக்கு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) சொல்ல ஒரு வயர் இருக்கும். அதை இணைத்தால் கிளட்ச் பிடிக்கும்போது ஐடிலிங்கை அதுவே ஏற்றிக்கொள்ளும். முதல் கோடையில் இந்த வயரை யாரும் தொடவில்லை, ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் அணையப் பார்த்தது.

என் வண்டிக்கு ஒத்துவந்ததற்கு ஒரு காரணம், இந்த எஞ்சின் இதே உடம்பில் கம்பெனியிலேயே வந்தது. வேறு வண்டியின் எஞ்சின் என்றால் கம்ப்ரெசர் சேஸிஸில் இடிக்கலாம். அமெரிக்காவில் பழைய செவ்ரலே கார்களில் பிக்அப்பின் எல்எஸ் என்ற வி8 எஞ்சின் வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், அங்கே கம்ப்ரெசரை மேலே தூக்கிவைக்கும் பிராக்கெட்டையே கடையில் விற்கிறார்கள். நம் ஊரில் அது கிடைக்காத பட்சத்தில் எஞ்சின் வாங்கும் முன்பே டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிடுங்கள். பழைய எஞ்சின் கடையில் ஏசி பிராக்கெட்டைக் கழற்றித் தனியாக வைத்திருப்பார்கள், அதையும் போல்ட்டோடு கேட்டு வாங்குங்கள்.

ஹோஸ் கடைசி வேலையாக இருக்கட்டும். எஞ்சின் மவுண்டில் முழுதாக உட்கார்ந்த பிறகு, ஒருவரை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லி எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, அந்த ஆட்டத்துக்குத் தளர்வு விட்டு அளவெடுங்கள், ஹோஸ் முனையை அழுத்திப் பூட்டும் கிரிம்ப் அதற்கப்புறம் அடிக்கலாம்.