டீ சுமார்தான், ஆனாலும் போகலாம்

நான் கல்யாண சமையல் மாஸ்டர். எங்கே போனாலும் நாக்கு முதலில் டீயைத்தான் எடை போடும். குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் ஃபிளாஸ்க் டீ. ஏலம், இஞ்சி எதுவும் கிடையாது, சர்க்கரை மட்டும் அள்ளிக் கொட்டியிருப்பார்கள். குடியை விட்டவனுக்கு உடம்பு இனிப்புக்கு அலையும் என்று பிறகுதான் புரிந்தது.

சென்னையில் இந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. ‘குடியை மறக்க வைக்கிறோம், அவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்ற நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் இருக்கிறது. என் வீட்டுக்காரம்மா அந்தப் பொடிக்குப் பணம் எடுத்து வைத்திருந்தாள். குடியை நிறுத்த டாக்டர் எழுதித் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையையே ஆளுக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? கோயிலில் கயிறும் கட்டிப் பார்த்தோம். மண்டலம் முடியும் வரை கயிறு என்னைப் பிடித்தது, முடிந்ததும் நான் பாட்டிலைப் பிடித்தேன். போனில் தேடினால் தனியார் மறுவாழ்வு மையங்கள்தான் வரிசை கட்டுகின்றன. ஒரு இடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே, “வண்டி அனுப்பித் தூக்கிக்கிறோம், அட்வான்ஸ் மட்டும் போட்டு விடுங்க” என்று வீட்டில் சொன்னார்கள்.

கடைசியில் வழி காட்டியது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. கவுன்சிலர் அம்மா ஓபி சீட்டின் பின்பக்கம் கூட்டத்தின் கிழமையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார், ஆனால் முதலில் வார்டில் படுக்க வைத்த பிறகுதான். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம். அதற்கு மருந்து வேண்டும், டாக்டர் வேண்டும். கூட்டத்தில் இரண்டும் இல்லை.

இடத்தின் பெயரைப் போட மாட்டேன், வருகிறவர்களை யாரும் அடையாளம் காணக் கூடாது. ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, முட்டி இடிக்கும். சுவரில் வாய்ப்பாடு. ஒவ்வொருவராக எழுந்து, “என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தன் கதையைச் சொல்கிறார்கள். குறுக்கே கேள்வி இல்லை, புத்திமதி இல்லை. மாமனாரிலிருந்து மளிகைக்கடை அண்ணாச்சி வரை புத்திமதி கேட்டுக் காது புளித்த எனக்கு இதுவே பெரிய விருந்து. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், அரிசி டிரம்முக்குள் குவார்ட்டரைப் புதைத்து வைத்ததைச் சொன்னார். பக்கத்தில் மீன் வண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் அங்கேதான் வைப்பாராம்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும், இரண்டு குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் பேசித் தொடங்கியது இது. இந்தியாவுக்கு 1957இல் வந்திருக்கிறது. அன்று போலவே இன்றும் பேசுகிறவனும் குடித்தவன், கேட்கிறவனும் குடித்தவன். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. உண்டியல் சுற்றி வரும், இஷ்டப்பட்டால் போடலாம். வெளியாள் லட்ச ரூபாய் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், முடிவில் பிரார்த்தனையும் உண்டு. அது பிடிக்காதவர்களுக்கு ஒரு தகவல்: எங்கள் குழுவில் ஒரு கறுப்புச் சட்டைக்காரர் இருக்கிறார். பிரார்த்தனை முடியும் வரை வாயைத் திறக்காமல் நிற்பார், அப்புறம் எல்லோருக்கும் டீ ஊற்றுவார். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

குறை என்றால், பெண்கள் மிகக் குறைவு. நாற்பது ஆண்கள் நிறைந்த அறைக்குள் ஒரு பெண் தனியாக வந்து ‘நான் குடிநோயாளி’ என்று சொல்வது நம் ஊரில் லேசா? பழைய ஆட்கள் சிலர் அதே கதையை அதே இடத்தில் நிறுத்தி அதே மாதிரி சொல்வார்கள், சகித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வந்தால் எனக்கு இந்தக் கூட்டம் போச்சு. சென்னையில் வேறு கிழமைகளில் வேறு இடங்களில் நடப்பதால் சமாளிக்கிறேன். ஆடியும் மார்கழியும் எங்கள் தொழிலில் அடுப்பு எரியாத மாதங்கள், சும்மா இருக்கும் கை பாட்டிலைத் தேடும். அப்போது ஒரு கூட்டத்தையும் விடுவதில்லை.

ஸ்பான்சர் என்று, முன்பே குடியை விட்ட ஒரு மூத்தவர் நமக்குத் துணையாகக் கிடைப்பார், இந்தச் சேவையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, காய் நறுக்கி முடிந்ததும் மண்டபத்துப் பின்கட்டில் பாட்டில் வந்து இறங்கும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் என்னுடையவர் எடுப்பார். “மாஸ்டர், முதல்ல வயிறு முட்டச் சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்” என்பார். ஊருக்கே சமைக்கிறவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இருப்பது புதுசு.

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. வீட்டுக்காரம்மா போகிறாள். அங்கே என்ன பேசுவாள் என்று என்னிடம் சொல்ல மாட்டாள், நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

உங்கள் ஊரில் எங்கே விசாரிப்பது என்று தெரியாவிட்டால், 14446 என்ற அரசின் இலவச எண்ணில் போதை மீட்பு சிகிச்சைக்கு வழி கேட்கலாம். முதல் நாளே பேச வைத்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். “இன்னிக்குக் கேட்க வந்தேன்” என்றால் போதும், முறை அடுத்தவருக்குப் போய்விடும்.