ஹோர்ட்டன் சமவெளி வழிகாட்டி: மூஞ்சூறுக்காகவே போகலாம்

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவைப் பார்க்க நுவரெலியாவில் அமர்த்திய இந்த வழிகாட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கு ஓட்டமாய் ஓடிப் படமெடுத்துத் திரும்புகிறவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். நெடுநகங்கொண்ட மூஞ்சூறு வாழும் காட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். "காடு காட்டுறன் ஐயா, மூஞ்சூறு காட்டுறன் எண்டு சொல்லமாட்டன்" என்றார். அந்த நேர்மையே பிடித்துவிட்டது.

1850இல் இயற்கையியலாளர் கேலார்ட் அறிவியல் முறையில் விவரித்த உயிர் அது. இலங்கையின் மத்திய மலைகளிலும் தென்னிந்திய மலைகளிலும் மட்டுமே உண்டு. எலி இனமே அல்ல. முன்னங்கால் நகங்கள் நீளமானவை. ஈரமண்ணில் மண்புழு தேடித் தின்னும். வழிகாட்டி ஓடையோரம் குந்தி, ஒரு பிடி இலைச்சருகை மெல்ல விலக்கினார். அடியில் கறுத்த மண், சுருண்டு கிடந்த ஒரு மண்புழு. காட்டிவிட்டு, சருகை இருந்தபடியே மூடினார். விழுந்த மரத்தைப் புரட்டச் சொன்ன ஒருவரிடம் முடியாது என்று மறுத்தும்விட்டார்.

காடு துண்டுபட்டால் இந்த உயிருக்குப் போக்கிடம் இல்லை. பூனையும் நாயும் வேறு எதிரிகள். வீசியெறிந்த போத்தலுக்குள் புகுந்த சிறு விலங்கு வழுக்கி வெளியேற முடியாமல் சாகும் என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அப்புறம் வழியில் கிடந்ததையெல்லாம் நாங்களே பொறுக்கினோம்.

குறை ஒன்று: குழுவில் ஆட்கள் அதிகம், பின்னால் நின்றவர்களுக்குப் பேச்சு கேட்கவில்லை. நாலைந்து பேராகப் போங்கள். விடியமுன் கிளம்புங்கள், குளிருக்கு ஜெர்சி அவசியம்.